பேச்சு கேட்கிற கார்

எழுபத்து மூன்று. அந்தத் தெருவில் வேறு யாருக்கும் இந்த எண் ஒன்றையும் சொல்லாது. பீப் அக்காவுக்கோ அது பெரிய தலைவலி. அவளுடைய சின்னக் காரின் ஜன்னல்களை ஏற்றிவிட்டு, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, உள்ளே ஒலி அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தபோது அது காட்டிய டெசிபல் கணக்கு அது. எழுபத்து மூன்று டெசிபலுக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம், சண்டை போடலாம். ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்லி முடிக்க முடியாது.

வயது ஐம்பத்து நான்கு. மருத்துவமனையில் காது பரிசோதிக்கும் வேலை. சுவரெல்லாம் பஞ்சு பதித்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு மெல்லிய 'பீப்' ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கேட்காமலே தூக்குகிற ரோஷக்காரர்கள் உண்டு. கேட்டும் தூக்காதவர்களும் உண்டு. மாமியார் பேச்சிலிருந்து தப்பிக்க, காது மந்தம் என்று எழுதித் தரச் சொல்லி வந்த ஒரு மருமகளை அக்கா இன்னும் மறக்கவில்லை. பீப் அக்கா என்ற பெயர் அங்கே நோயாளிகள் வைத்தது. பிறகு அது பஸ் ஏறித் தெருவுக்கும் வந்து சேர்ந்தது.

அக்காவுக்குப் பாம்புக் காது. அடுத்த வீட்டில் குழாய் சொட்டினால் இவளுக்குத் தூக்கம் கெடும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன், நூற்பாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரம் நூற்புக் கதிர்கள் ஒன்றாகச் சுழலும் கூடத்தில் காதுக்கு எதுவும் வைத்துக்கொள்ளாமல் வேலை பார்த்த மனிதர். அவருடைய செவி வரைபடம் அக்காவுக்கு மனப்பாடம். கனமான ஒலிகளில் கோடு நேராக வரும். கீச்சு ஒலிகளை நெருங்கியதும் மாடிப்படியில் பந்து உருண்டது போல இறங்கிவிடும். இடி கேட்கும், லாரி கேட்கும். குருவி கேட்காது. பேச்சில் பாதிதான் கேட்கும்.

அவருக்குக் காதுக் கருவி உண்டு. நல்ல கருவி, அக்காவே பார்த்துப் பார்த்துத் திருத்தியது. வீட்டில், கடையில், சொந்தக்காரர் வீட்டில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். காரில் மட்டும் மக்கர். அது பேச்சைப் பெரிதாக்குகிற கையோடு டயர் இரைச்சலையும் பெரிதாக்கிவிடும். "காதுக்குள்ள மில்லைத் திறந்து வச்ச மாதிரி இருக்கு" என்பார். வண்டி தெருமுனை தாண்டியதும் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யார் எதைச் சொன்னாலும் சிரித்தபடி தலையாட்டுவார்.

அதில் வந்த வினைதான் வாளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடைத்தெருவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஓட்டினாள்; காதுக் கருவி இல்லாமல் ஓட்டக் கூடாது என்று அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு வருஷக்கணக்காகிவிட்டது. பக்கத்தில் அவர். பின்னால் மகள்; வயது இருபத்தாறு, இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. அந்த வேலையை அவள் வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்திருந்தாள். அம்மாவிடம் அன்றைக்கே காதும் காதும் வைத்தாற்போல் சொல்லியாகிவிட்டது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்து, கடைசியில் முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி, ஒரே மூச்சில் சொன்னாள்.

"அப்பா, வேலைய விட்டுட்டேன்பா."

அவர் பாதி திரும்பினார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"போனாப் போகுது விடு. வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கே புருஷன் மேல் திடீரென்று ஒரு புது மரியாதை வந்து, ஒரு திருப்பத்தைத் தவறவிட்டாள். இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைக்கும் என்று மகள் வீடு வந்து சேர்வதற்குள் நாலு தோழிகளுக்குச் செய்தி அனுப்பி முடித்திருந்தாள். வீட்டு வாசலில் அவர் இறங்கினார். பின் கதவைத் திறந்தார். இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"எந்த வாளிம்மா? நீல வாளியா? கடையிலயே விட்டுட்டியா?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. உள்ளே போய் விஷயத்தை மறுபடி, கருவி மாட்டிய காதுக்குச் சொன்னபோது, அவர் பாடு தர்மசங்கடமாகிவிட்டது. கோபப்படலாம் என்றால், போனால் போகிறது என்று தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. சந்தோஷப்படலாம் என்றால், அந்தச் சந்தோஷம் வாளிக்கு உரியது. நேராகப் போய் டிவி முன்னால் உட்கார்ந்தார். அப்பாவும் பெண்ணும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. அதற்குப் பிறகு காரில் மகள் வாயைத் திறக்கவில்லை. ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிற அப்பாவுக்குப் பின் இருக்கையிலிருந்து கைபேசியில் செய்தி அனுப்பினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்து, கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

மகளுக்கு வேறு வேலை கிடைத்தது. மரக்கன்று ஆராய்ச்சிப் பண்ணை. காரில் ஐந்து மணி நேரத் தூரம். மழைக்காலத்தில் போய்ச் சேர வேண்டும். அவளைக் கொண்டுபோய் விட்டு வருவது என்று முடிவானதும் அக்கா கணக்குப் போட்டாள். வீட்டில் ஆளுக்கொரு கதவு இருக்கிறது. பேச்சு இடறினால் எழுந்து போய்விடலாம். காரில் போக முடியாது. முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சொல்ல முடியாததைச் சொல்ல அதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. ஆனால் அந்த ஐந்து மணி நேரமும் கட்டைவிரல் படத்திலேயே கழிந்துவிட்டால், மகள் அங்கே ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டு, மனசில் அந்த வாளியோடேயே இருந்துவிடுவாள்.

"இந்த வண்டியை வாய மூட வைக்கப் போறேன்" என்று சாப்பாட்டு மேஜையில் அறிவித்தாள்.

எப்படி என்று அவளுக்கே அப்போது தெரியாது. பக்கத்து வீட்டிலிருந்து வழி பிறந்தது. அங்கே குடியிருந்தவர் ஒரு பல் டாக்டர். முப்பது வயது, கல்யாணமாகாதவர். அக்காவின் காருக்கு உடன்பிறப்பு போல அதே கம்பெனி, அதே வருஷம், நிறம் மட்டும் வேறு. குணமோ நேர் எதிர். பின்னால் புகைக்குழாயை மாற்றி, காலையில் கிளினிக்குக் கிளம்பும்போது தெருவையே எழுப்பிவிட்டுப் போகும். இதைப் பற்றி நாலு வார்த்தை கேட்டே தீருவது என்று ஒரு சனிக்கிழமை அக்கா வரிந்து கட்டிக்கொண்டு போனாள். போனவள் முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள். டாக்டர் தன் காரின் பின் இருக்கையைக் கழற்றி, தரை விரிப்பைச் சுருட்டி, அதற்கு அடியிலிருந்த தடித்த கம்பளிப் பஞ்சுகளை உரித்துக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார். கம்பெனி சத்தம் அடக்கவென்று வைத்து அனுப்பிய பஞ்சுகள்.

"இதை என்ன பண்ணப் போறீங்க, தம்பி?"

"தூக்கிப் போடணும்க்கா. இந்த எடை போச்சுன்னா வண்டி பறக்கும்."

அக்கா வந்த சண்டையை மறந்தாள். இரண்டு கைகளாலும் பஞ்சுகளை வாரி எடுத்துக்கொண்டாள். ஒருவர் உரித்தால்தானே இன்னொருவர் போர்த்திக்கொள்ள முடியும். ஒரே மாதிரிக் கார் என்பதால் வெட்டவோ ஒட்டவோ வேலையில்லை. அண்ணன் சட்டை தம்பிக்குப் பொருந்துவது போலப் பொருந்தின. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் இரண்டு முற்றத்திலும் இரண்டு கார்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒன்று கத்துவதற்கு, ஒன்று அடங்குவதற்கு. டாக்டர் முதலில் அக்காவின் வீட்டுக்காரரை 'சார்' என்றார்; இரண்டாவது காபிக்குள் 'மாமா' ஆக்கிவிட்டார்.

கதவின் உள்பலகையைக் கழற்றக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அது பிளாஸ்டிக் கிளிப்புகளில் மாட்டியிருக்கும். அக்கா முதல் கிளிப்பைப் பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். அது டப்பென்று உடைந்து பறந்து பூந்தொட்டியில் விழுந்தது.

"இழுக்கக் கூடாதுக்கா. பல்லு மாதிரிதான். ஆட்டி ஆட்டித் தளர்த்திட்டு, அது வர்றேன்னு சொன்னதுக்கு அப்புறம் எடுக்கணும்."

அதற்குப் பிறகு ஒரு கிளிப்கூட உடையவில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஒரு சத்தத்தை அடக்கினால் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று தலைகாட்டியது. உள்பலகைக்குப் பின்னால் வெறும் தகரம். விரல் முட்டியால் தட்டினால் 'டங்' என்று பாத்திரக்கடை மாதிரி அதிரும். அதன் மேல், ஒரு பக்கம் கறுப்புப் பிசினும் மறுபக்கம் அலுமினியத் தாளும் உள்ள தகடுகளை வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் தலை உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, ரப்பர் உருளையால் மூலை முடுக்கெல்லாம் அழுத்த வேண்டும். ஒட்டி முடித்துத் தட்டினால் 'டங்' போய் 'தொப்' வரும். முதல் 'தொப்' கேட்ட அன்று அக்கா வீட்டுக்குள் ஓடிப்போய் மகளை இழுத்துவந்து தட்டிக் காட்டினாள். எதிர் வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். தபால் கொடுக்க வந்தவரும் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சத்தங்களுக்கெல்லாம் வீட்டில் பெயர் விழுந்தது. கடகட என்றால் திருகு தளர்ந்திருக்கிறது. கிறீச்கிறீச் என்றால் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசுகிறது. நடுவில் துணி நாடா ஒட்ட வேண்டும். லொடலொட என்றால் யாரோ கதவுப் பையில் எதையோ போட்டு மறந்திருக்கிறார்கள்; அந்த யாரோ பெரும்பாலும் மகள்தான். "இன்னைக்கு கரகர இல்ல, வெறும் முணுமுணுதான்" என்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அக்கா சொல்வாள், காய்ச்சல் குறைந்த குழந்தையைப் பற்றிச் சொல்வது போல.

இதிலெல்லாம் சேராமல் இருந்தவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பார், கீழே வரமாட்டார். அக்கா மாடிக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"எனக்காகக் காரைப் பிரிச்சுப் போட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கே. பழுது காருலயா இருக்கு?"

அது கோபத்தில் வந்த வார்த்தையாகத் தெரியவில்லை. அக்காவுக்கு அதனாலேயே கூடுதலாகச் சுருக்கென்றது. இறங்கி வந்து, அன்றைக்கு டாக்டரோடு சேர்ந்து ஒரு சத்தத்தைத் தேடினாள். முன்பக்கம் எங்கோ 'டுக்கு... டுக்கு' என்று ஒரு தட்டல். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடினாலே கேட்டது. இரண்டு பேரும் மாறி மாறித் தலையை நுழைத்துப் பார்த்தார்கள். பாம்புக் காதுக்கும் பிடிபடவில்லை. சின்ன இடத்துக்குள் அது நாலு பக்கமும் முட்டி எதிரொலித்தது.

கீழே வந்து நின்ற மனிதரை அவர்கள் கவனிக்கவில்லை. கனமான சத்தம், அவருக்கு மாடி வரை கேட்டிருக்கிறது. முப்பது வருஷம் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட ஆளால் அதற்கு மேல் பொறுத்திருக்க முடியவில்லை. அவர் காதைக் கொண்டுபோகவில்லை. உள்ளங்கையை விரித்து முன்பலகை மேல் வைத்தார். வலது ஓரம், நடு, கீழே, இடது ஓரம் என்று குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது போல நகர்த்திக்கொண்டே போய், பக்கத்து இருக்கைக்கு முன்னாலிருக்கும் சாமான் பெட்டிக்கு அடியில் நிறுத்தினார்.

"இங்கதான். ஒரு கம்பி தொங்குது."

தொங்கியது. மில்லில் அந்தச் சத்தத்துக்கு நடுவில் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. எந்த இயந்திரத்தில் எந்த பேரிங் தேய்கிறது என்று அங்கே எல்லாருமே கையால்தான் கேட்பார்கள் என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டே கம்பியை இழுத்துக் கட்டினார். முடித்துவிட்டு மாடிக்குப் போகவில்லை. "அந்த உருளையைக் குடு. நீ ஓரத்தை அமுத்தவே இல்ல" என்றார் அக்காவிடம்.

அதன் பிறகு கனத்த சத்தம் அவர் பொறுப்பு, கீச்சுச் சத்தம் அவள் பொறுப்பு. அவருக்குக் கேட்காததை அவள் கேட்டாள். அவளுக்குப் பிடிபடாததை அவர் தொட்டுப் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அந்த முற்றத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு நேரம் நின்றதில்லை.

கடைசியாகக் கதவுகளின் அடி விளிம்பு. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு கதவுக்கும் அடியில் நகம் நுழைகிற அளவுக்குச் சின்னச் சின்னப் பிளவுகள் தெரிந்தன. அக்காவுக்குக் கம்பெனிக்காரன் மேல் கோபம் வந்தது. அவள் அறையில் ஒரு சட்டம் உண்டு: ஓட்டை இருந்தால் சத்தம் வரும். பரிசோதனை அறையில் ஒயர் நுழைகிற இடத்தில் பென்சில் தடிமனுக்கு ஒரு இடுக்கு இருந்ததற்காக ஒரு காலை முழுக்க வேலையை நிறுத்தியவள் அவள். பிளவுகளை ஒவ்வொன்றாகப் பிசின் தகட்டால் அடைத்து, உருளையால் இரண்டு முறை தேய்த்தாள்.

டாக்டர் வேலியோரம் நின்று பார்த்தார். "எதுக்காவது வச்சிருப்பாங்கக்கா" என்று இழுத்தார்.

"ஏன் தம்பி, பல்லுல ஓட்டை இருந்தா நீங்க அடைக்கிறதில்லையா?"

பல் டாக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். வீட்டுக்காரர் அந்த நேரம் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். இந்த உரையாடலில் ஒரு சொல்கூட அவருக்குக் கேட்கவில்லை.

மறுநாள் அதே சாலை, அதே வேகம். ஒலி அளக்கும் கருவி அறுபத்தெட்டு என்றது. அக்கா அதைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் அறுபத்தெட்டு.

"அஞ்சு குறைக்கவா இத்தனை பாடு?" என்றார் அவர். டெசிபலில் மூன்று குறைந்தாலே சத்தத்தின் பலம் பாதியாகிவிடும் என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது: அவர் கேள்வி கேட்டிருக்கிறார். பதிலைக் கேட்டுக்கொண்டும் வருகிறார். சட்டைப்பை காலியாக இருந்தது.

கிளம்ப வேண்டிய வாரம் மழை பிடித்துக்கொண்டது. காருக்கு மேலே கூரை கிடையாது. திறந்த முற்றத்தில் இரவும் பகலும் நனைந்துகொண்டு நின்றது. கிளம்புகிற காலையிலும் தூறல் விடவில்லை. பெட்டி, படுக்கை, புத்தகம், குடிதண்ணீர் கேன் என்று ஏற்றி முடித்துக் கதவைச் சாத்தியபோது, அது முன்னெப்போதும் இல்லாத கம்பீரத்தோடு 'தொம்' என்று மூடியது. "பாருங்க, பெரிய கார் மாதிரி கனமா மூடுது" என்று அக்கா பெருமைப்பட்டாள். பெருமைக்குக் காரணம் கதவுக்குள் இருந்தது. அது அவள் ஒட்டிய தகடு இல்லை என்பது பிறகு தெரிந்தது.

நெடுஞ்சாலை ஏறினார்கள். மகள் பழக்க தோஷத்தில் கைபேசியைக் கையில் வைத்திருந்தாள். மழை கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. அதுவும் இப்போது பக்கத்து அறையில் பெய்வது போலத்தான் கேட்டது. ஒரு லாரி அவர்களை உரசுவது போல வெட்டி முன்னால் போனது. அக்கா வழக்கம்போல உதட்டுக்குள் ஏதோ சொன்னாள்.

அவர் மெல்லத் திரும்பினார். "இப்ப அவன் அப்பாவை என்ன சொன்னே?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக எந்தச் சாட்சியும் இல்லாமல் திட்டிக்கொண்டு வந்தவள் அவள்.

"ஒண்ணுமில்லையே."

"கேட்டுச்சு. நல்ல வளமான வார்த்தை. மில்லுல எங்க மேஸ்திரிக்குக்கூட அது தெரியாது."

பின்னாலிருந்து மகள் சிரித்துவிட்டாள். அவர் அந்தச் சிரிப்புக்கும் திரும்பினார், அதுவும் கேட்டிருந்தது. காரில் ஒரு புதுவிதமான கூச்சம் வந்து உட்கார்ந்தது.

மழை விட்டு வெயில் அடித்தது. கூரைத் தட்டல் நின்றதும் இன்னொன்று வெளியே வந்தது. சளக். வளைவில் திரும்பினால் சளக். பிரேக் போட்டால் சளக்சளக். அக்காவுக்கும் கேட்டது, கேன் தண்ணீர் என்று விட்டுவிட்டாள்.

"கேன் டிக்கியில இல்ல இருக்கு. இது என் முழங்காலுக்குப் பக்கத்துல அடிக்குது" என்றார் அவர். உள்ளங்கையைக் கதவு மேல் வைத்தார். அடுத்த வளைவு வந்தது. கையை எடுக்காமலே அவர் முகம் மாறியது. "ஓரமா நிறுத்து."

சாலையோர மரத்தடியில் நிறுத்தினாள். அவர் இறங்கிக் கதவைத் திறந்து வைத்து, மேலிருந்து கீழாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். தொப், தொப், தொப். பாதிக்குக் கீழே வந்ததும் ஓசை மாறி, நிறைந்த குடத்தைத் தட்டியது போல மொத்தென்றது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"கதவுக்கு அடியில இருந்த ஓட்டையை என்ன பண்ணினே?"

"அடைச்சேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும். சத்தம் வருமே."

"கண்ணாடி இறங்குற இடுக்கு வழியா மழைத்தண்ணி உள்ள இறங்கும்மா. அது வெளிய போறதுக்கு வச்ச வழி அது."

அவளுடைய பரிசோதனை அறையில் என்றைக்கும் மழை பெய்ததில்லை. அவர் ஸ்க்ரூடிரைவரின் முனையால் ஒரு தகட்டின் ஓரத்தை நெம்பினார். தகடு பெயர்ந்ததும் ஒரு வாரத்து மழை முழுக்க விரல் தடிமனுக்குப் பீறிட்டு, நேராக அக்காவின் செருப்பை நிரப்பியது. அடுத்த கதவு, அதற்கடுத்தது, நாலாவது. கார் நாலு பக்கமும் ஒழுகிக்கொண்டு நின்றது. அந்த வழியாகப் போன ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் சிரிக்க ஆரம்பித்தவர் அவர்தான். அவர் சத்தம் போட்டுச் சிரித்து வீட்டில் யாரும் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அக்கா ஒற்றைக் காலில் நின்று செருப்பைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டியபடி, அவரைத் திட்டவா சேர்ந்து சிரிக்கவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். மகள் கைபேசியில் படம் எடுக்கப் போனவள், சிரித்த சிரிப்பில் வெறும் வானத்தை எடுத்தாள்.

மறுபடி வண்டி நகர்ந்தபோது அவர் முன்னால் உட்காரவில்லை. கால் நனைந்துவிட்டது, நீட்டிக்கொள்ள வேண்டும் என்று ஏதோ சாக்குச் சொல்லி, பின்னால் மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஓட்டை திறந்ததில் ஒன்றோ ஒன்றரையோ டெசிபல் ஏறியிருக்கும் என்று அக்காவின் மனசு கணக்குப் போட்டது. பிறகு கணக்கை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு, கண்ணைச் சாலையில் வைத்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் மகள் கேட்டாள்; கத்தவில்லை, சாதாரணக் குரலில்.

"அப்பா, அன்னைக்கு நான் சொன்னது சரியாக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். அக்கா கண்ணாடியில் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டாள்.

"சத்தம் போட்டிருப்பேன்."

"நிஜமாவா?"

"பின்ன? நல்ல வேலை. நாலு நாள் பேசாமக்கூட இருந்திருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இந்த மாதிரி பெட்டியைத் தூக்கி வச்சு, உங்கம்மா பக்கத்துல உக்காந்து, உன்னைக் கொண்டுபோய் விட்டிருப்பேன். அங்க போய் அந்த ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியா இருக்கான்னு பாத்துட்டு வந்திருப்பேன். அது சரி, மரக்கன்னுல அப்படி என்னதான் ஆராய்ச்சி? யாரும் எனக்கு இதுவரைக்கும் சொல்லல."

மகள் சொல்ல ஆரம்பித்தாள். வேர் எப்படிப் பிடிக்கும், எந்த விதை எத்தனை வருஷம் உறங்கும், எது நெருப்புப் பட்டால்தான் கண் விழிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் குறுக்கே கேள்வி கேட்டார். ஒரு இடத்தில் 'விதை'யை 'விலை' என்று கேட்டுக்கொண்டு, கிலோ என்ன விலை என்று விசாரித்தார். மகள் திருத்திச் சொன்னாள். இந்த முறை இரண்டு பேரும் சிரித்தார்கள். கைபேசி எப்போதோ இருக்கை இடுக்கில் விழுந்திருந்தது. பண்ணை வாசலில் பெட்டிகளை இறக்கிய பிறகுதான் அதைத் தேடினார்கள்.

அவர் அறையின் தாழ்ப்பாளைப் பார்த்தார். சரியாக இல்லை. காரிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து, கழற்றி மாட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

திரும்பி வரும்போது காரில் இரண்டு பேர்தான். அவர் மறுபடி முன்னால் உட்கார்ந்து, மில்லில் சேர்ந்த நாளிலிருந்து ஆரம்பித்தார். பாதி வழியில் அக்காவுக்கே கொஞ்சம் அமைதி கிடைத்தால் தேவலை என்று இருந்தது, சொல்லவில்லை. வீடு நெருங்கியபோது, முன்சக்கரத்துக்கு மேலே இன்னும் ஒரு உறுமல் பாக்கி இருப்பதாக இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

வருகிற சனிக்கிழமை முன்சக்கர வளைவுகளைக் கழற்றுகிறார்கள். மாதக் கடைசியில் மகளைப் பார்க்கப் போகும்போது, போகிற வழி முழுக்க அவர் ஓட்டுகிறார்.